மறுமொழி: எக்ஸ்கவேற்றரின் பின்பக்கம் சுழலும் இடத்துக்கு என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம்.

எக்ஸ்கவேற்றர் என்கிற மண் தோண்டும் மெஷினுக்கான பயிற்சிக் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், அதனால் நேராகவே எழுதுகிறேன்: மெஷின் சுழலும்போது அதன் பின்பக்கம் எட்டுகிற இடத்துக்கு நான் போடப்போவது 'சுழல்வீச்சு எல்லை'. நீங்கள் எழுதினவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கீழே.

> 'சுழற்சி ஆரை'தான் சரி. ஆரக்காலோடு உறவுள்ள சொல், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது. தமிழ்நாட்டு 'ஆரம்' மாலையோடு மயங்கும்.

ஆரை நல்ல சொல் ஐயா, ஆனால் அது வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரைக்குமான ஒரு நீளம். எனக்கு வேண்டியது இடத்தின் பெயர். ஒழுங்கைக்குள் மெஷின் நிற்கிறது என்று வையுங்கள். ஒபரேற்றர் பக்கற்றை ஒரு பக்கம் திருப்ப, அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிற பாரம், மெஷின் ஓடுகிற செயின் பட்டைக்கு வெளியே வந்து எதிர்ப்பக்க மதிலை நெருங்கும். அவருக்கு அது தெரியாது. அந்த இடுக்கில் குழாய் பிடித்துக்கொண்டு நிற்கிற பெடியன் நசிந்துபோவான். அங்கே 0.5 மீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்கிறது பிரித்தானியப் பாதுகாப்பு வழிகாட்டல். எங்கள் ஒழுங்கைகள் பலவற்றில் அந்த அரை மீற்றர் எங்கே கிடைக்கும்? தடுப்புப் போட்டு, ஆள் போகாமல் பார்ப்பதுதான் வழி.

> பாரத்துக்குத் 'துலாப்பாரம்' வைக்கலாமே, கிணற்றுத் துலாவின் அடியில் கல் கட்டினவர்கள்தானே நாங்கள்.

துலாப்பாரம் என்றால் கோயில் நேர்த்திதான் நினைவுக்கு வரும். அப்புறம் துலா வடசொல்லா தமிழா என்று தொடங்கி அதிலேயே வாரம் போய்விட்டது. வண்டில்காரர் சொன்ன 'பின்பாரம்' போதும், அதையே போடுகிறேன்.

> 'டேஞ்சர் சோன்' என்றே எழுதுங்கள், பெடியளுக்கு விளங்கும்.

விளங்கும், ஆனால் எந்த ஆபத்து என்று விளங்காது. மேலே போகிற மின்கம்பிக்கும் குழியின் விளிம்புக்கும் அதே சொல்லைத்தானே சொல்வார்கள். 'சுழல்வீச்சு எல்லை' என்றால் மெஷின் சுழலும், எட்டி அடிக்கும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. கைவீச்சு, வாள்வீச்சு தெரிந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை.

பெரும்பாலானோர் இதற்குச் சரி என்றுவிட்டார்கள், சிலர் களைத்துப்போய்த்தான். பௌதிகத்தில் அலைவின் உச்ச அளவைச் சொல்கிற 'வீச்சம்' இதோடு குழம்பும் என்ற ஐயாவின் மறுப்பு அப்படியே நிற்கிறது, அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆரையைப் படத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.