பழைய தமிழ் சஸ்பென்ஸ் படங்கள்: எதில் தொடங்கலாம், நடிப்பில் எதைக் கவனிக்கலாம்?

கேள்வி:
1950, 60களின் சஸ்பென்ஸ் படங்களைப் பார்க்கத் தொடங்குகிறேன். எதை முதலில் பார்க்கலாம்? நடிப்பு மேடை நாடகம் போல இருக்கும் என்கிறார்களே, அதை எப்படி ரசிப்பது?

திரைச்சீலை:
‘அந்த நாள்’ (1954), வேறு யோசனையே வேண்டாம். இயக்கம் எஸ். பாலசந்தர், எழுத்து ஜாவர் சீதாராமன். பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. 1943ல் சென்னையில் குண்டு விழுந்த மறுநாள் கதை நடக்கிறது. படம் தொடங்கியதுமே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். பிறகு விசாரணையில் ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் திருப்பத் திருப்ப, அவர் ஏற்ற ராஜன் ஒருவர் பார்வையில் ஒரு மாதிரி, அடுத்தவர் பார்வையில் வேறு மாதிரி. அந்த வித்தியாசத்தை நிற்கும் விதத்திலும் குரலிலுமே காட்டிவிடுவார். ராஜனின் மனைவியாக வரும் பண்டரிபாய் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

மேடை வாடை இருப்பது உண்மைதான். சிவாஜி, எம்.ஆர். ராதா எல்லாம் நாடகக் குழுவில் வளர்ந்தவர்கள்; கடைசி வரிசைக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய குரல். அதனால் பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைப் பாருங்கள். நுணுக்கமெல்லாம் அங்கேதான்.

கறுப்புவெள்ளை:
பிரதியில் கவனம் தேவை. ‘அந்த நாள்’ 4:3 சட்டகத்தில் எடுத்த படம். அகலத் திரையை நிரப்புவதற்காக இழுத்திருந்தால் முகம் சப்பையாகும்; மேலும் கீழும் வெட்டியிருந்தால் தலை போய்விடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிற பிரதிதான் சரி. டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இருட்டுக் காட்சியில் கோட்டின் மடிப்பு தெரியாமல் வெறும் கறுப்பாக இருந்தால் பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள். வீடியோவின் கீழே இருக்கும் கமெண்ட் பக்கமே போகாதீர்கள், கொலையாளி யாரென்று முதல் வரியிலேயே போட்டிருப்பார்கள்.

மர்மயோசனை:
அடுத்து ‘புதிய பறவை’ (1964), தாதா மிராசி இயக்கியது. அழுகிற மனைவியாகவே பார்த்துப் பழகிய சௌகார் ஜானகி இதில் நாகரிகப் பாடகியாக வந்து அசத்துவார். ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ இரண்டு முறை வரும். பாட்டுத்தானே என்று ஓட்டிவிடாதீர்கள். முதலில் உல்லாசம், பிறகு சோகம், கதையே அந்த மாற்றத்தில் இருக்கிறது. முடிவு தெரிந்தபின் இன்னொரு முறை பாருங்கள். சிவாஜியின் பதற்றம் எந்தக் காட்சியில் ஆரம்பிக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

அதன் பிறகு ‘அதே கண்கள்’ (1967), ‘நடு இரவில்’ (1970). பின்னதும் எஸ். பாலசந்தர் படம்தான்.