செட் என்றால் எந்த செட்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

உப்புவெளியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்காரர் வாயில் இருந்து ஒரு நாளில் அதிகம் வரும் ஆங்கில வினைச்சொல் எது என்று கேட்டால் செட் என்றுதான் சொல்வேன். மேசையை செட் பண்ணு என்றால் தட்டும் கரண்டியும் அடுக்க வேண்டும், ஏசியை செட் பண்ணு என்றால் குளிரைக் கூட்டிக் குறைக்க வேண்டும், புறாத்தீவுக்கு எத்தனை மணிக்கு செட் ஆஃப் என்றால் படகு வெளிக்கிடும் நேரம், ஜெலி செட் ஆகிவிட்டதா என்று குசினியில் இன்னொரு குரல். சன்செட் பார்க்க வேண்டும் என்று கதிரையைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு காத்திருந்தவர்களும் உண்டு. இது கிழக்குக் கரை, இங்கே உதயம்தான், மறைவதைப் பார்க்க உள்துறைமுகப் பக்கம் போங்கோ என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு தேடிப் படித்தேன். 1989இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியில் இந்த வினைக்கு மட்டும் 430 பொருள்கள், விளக்கம் ஏறத்தாழ 60,000 சொற்கள். ஆனால் அடி ஒன்றுதான்: சிட் என்பதன் பிறவினை, அதாவது உட்கார வைப்பது. நாம் வீட்டுக்கு வந்தவரை "இருங்கோ" என்கிறோம், பிள்ளையைக் கதிரையில் இருத்துகிறோம் அல்லவா, அதே இரு, இருத்து கதை. தட்டை இருத்து, முள்ளை ஓர் இலக்கத்தில் இருத்து என்று வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி விளங்கிவிடும். சூரியன் சாய்வதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த சொல்லே "இருக்கைக்குப் போதல்" என்ற மாதிரித்தான்.

சீனன்குடா மேசன்:
எங்களுக்கு செட் என்றால் சீமெந்துதான். கொங்கிரீட் தட்டு போட்ட அன்று எஞ்சினியர் வந்து "செட் ஆகட்டும், கால் வைக்காதே" என்பார், அடுத்த நாள் வந்து தண்ணீர் ஊற்று என்பார். காய வேண்டிய சாமானுக்கு ஏன் தண்ணீர் என்று கையாள் பெடியன் கேட்டான். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை தம்பி, தண்ணீரோடு சேர்ந்து மாறித்தான் இறுகும், ஈரம் போனால் பலமும் போச்சு. அவசரப்பட்டு இறுகாமல் இருக்கத்தான் ஆலையில் ஜிப்சம் கலக்கிறார்கள். இதில் உட்கார வைப்பது எங்கே வருகிறது என்று கேட்காதீர்கள், அசையாமல் ஓரிடத்தில் நிற்பதும் இருப்பதுதானே.

மூதூர்:
எங்கள் பக்கம் எருமைத் தயிர். சட்டியைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரி "செட்?" என்று கேட்டா, நான் ஒரு செட்டுக்கு எத்தனை சட்டி வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். அவ கேட்டது உறைந்துவிட்டதா என்று. கடைசியில் இரண்டு சட்டி வாங்கிக்கொண்டு போனா, சரி.

கணித ஆசிரியை, திருகோணமலை நகர்:
மூதூர்த் தம்பி குழம்பியதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவர் சொன்ன செட் வேறு குடும்பம். சோபா செட், தேநீர் செட், எங்கள் பாடப்புத்தகத்தில் தொடை என்று வருகிற கணித செட் எல்லாம் லத்தீனில் பின்தொடர்வோர் கூட்டத்தைக் குறித்த சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. ஒலி ஒன்றாகிப் போனதால் பிறகு இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டன. பிள்ளைகள் இறந்தகாலத்துக்கு "செட்டட்" என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பிழையில் ஒரு ஒழுங்கு இருக்கிறது: பழைய ஆங்கிலத்தில் அதற்கு உண்மையாகவே ஒரு விகுதி இருந்தது, காலப்போக்கில் தேய்ந்துபோனது. கட், புட், ஹிட் எல்லாம் மாறாமல் நிற்பதும் கடைசியில் ட் இருப்பதால்தான்.

நான் மறுபடியும்:
டீச்சர், ஒக்ஸ்போர்ட்காரர் திருத்தி எழுதும்போது ரன் 645 பொருளோடு செட்டை முந்திவிட்டதாம். அது எங்களுக்கு லேசு, நிலாவெளி பஸ்ஸும் ஓடும், மூக்கும் ஓடும், கடையும் ஓடும். ஓடாத ரன் எதையாவது சந்தித்தவர்கள் எழுதுங்கோ.