நாலு பழைய லேப்டாப், முப்பது பிள்ளைகள்: யாரைக் கீபோர்டு முன்னால் உட்கார வைப்பது?

முக்கூடல் டீச்சர்:
வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் அம்மா பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது. நம் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் தனிப் பாடமாக வருவதே பிளஸ் ஒன்னில்தான். முதல் வருஷம் சி பிளஸ் பிளஸ், மறு வருஷம் பைத்தான், ரெண்டும் புரோகிராம் எழுதுகிற மொழிகள். டவுன் பிள்ளை அதற்குள் லீவு கிளாஸெல்லாம் போய் வந்திருக்கும். எங்கள் பிள்ளை மவுஸைத் தொட்டுப் பழகாததால் பயந்துகொண்டு வேறு குரூப் கேட்கிறது. அதனால் எட்டாம் வகுப்பிலேயே தொடங்கப் பார்க்கிறேன்.

பழைய மாணவர்கள் தங்கள் விலையில்லா லேப்டாப் நாலைத் தந்தார்கள். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் செருகினால் ஓடுகிறது. போன வாரம் உட்கார வைத்தால், நாலிலும் பையன்தான் கீபோர்டைப் பிடித்துக்கொண்டான். பொம்பளப் பிள்ளைகள் பின்னால் நின்று, "ஏல, அதை இல்ல, கீழ உள்ளதை அமுக்குல" என்கிறார்கள். சொல்வது சரியாகத்தான் இருக்கிறது, தொடத்தான் மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்குத் தனி நேரம் வைக்கவா? சனிக்கிழமை ஆகாது, பீடிக்கு நூல் கட்ட வீட்டில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

பாளை கம்ப்யூட்டர் சார்:
தனி நேரம் வேண்டாம் டீச்சர். மெஷினுக்கு ரெண்டு பேர். சொல்கிறவர் கீபோர்டைத் தொடக் கூடாது, அடிக்கிறவர் தானாக எதையும் அடிக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் இடம் மாற வேண்டும். மணி அடித்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் பையன்கள் எழும்ப மாட்டார்கள்.

மிச்சப் பிள்ளைகளுக்கு அட்டை. 1, 2, 4, 8, 16 என்று புள்ளி வைத்த ஐந்து அட்டைகளோடு ஐந்து பேரை நிறுத்துங்கள். 19 என்றால் 16, 2, 1 மட்டும் முகம் காட்டும், மற்ற இரண்டும் திரும்பிக்கொள்ளும். 0 முதல் 31 வரை எல்லா எண்ணும் வரும். முகம் காட்டினால் 1, திரும்பினால் 0; இந்த இரண்டை மட்டும் வைத்து எண் எழுதுகிற பைனரி, பிளஸ் ஒன்னில் படிக்கிறது, இதுதான். கரண்ட் போனாலும் பாடம் ஓடும்.

களக்காட்டான்:
டவுன்ல ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர், நம்ம பிள்ளைக்கு மட்டும் அட்டையா சார்? பிளஸ் டூவில் 20 மார்க் பிராக்டிகல் இருக்கு. அதையும் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கத்தான் போறாங்க. மெஷின் கேட்டு வாங்குங்க டீச்சர்.

முக்கூடல் டீச்சர்:
கோபம் நியாயம்தான் அண்ணாச்சி. மனு கொடுத்தாச்சு. ஆனால் மெஷின் வருகிற வரைக்கும் இந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே இருக்க மாட்டார்களே.

வள்ளியூர் ஐடிக்காரன்:
டீச்சர், மெதுவான லேப்டாப்புக்கு விண்டோஸுக்குப் பதிலாக லேசான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள், பைத்தானுக்கு அது தாராளம், நெட்டும் வேண்டாம். பைத்தான் 3 என்றால் மாறிக்கு, அதாவது புரோகிராமில் மதிப்பைப் போட்டு வைக்கிற வேரியபிளுக்கு, தமிழிலேயே பேர் வைக்கலாம். கூலி, கட்டு என்று அப்படியே அடித்தால் ஓடும். இஃப், பிரிண்ட் மாதிரி சில சொற்கள் மட்டும் இங்கிலீஷ்.

முக்கூடல் டீச்சர்:
அட, இது தெரியாதே! அப்படியென்றால் முதல் புரோகிராமே பீடிக் கூலிதான். ஏஜெண்டு கழிக்கிற கழிவையும் அதில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகளே கணக்குத் தப்பு என்பார்கள். அப்புறம், நாலு சார்ஜரில் ஒன்று இன்று புகைந்துவிட்டது. யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.