பரோல் தடைக் காலம் பற்றி உதவி வேண்டும் (ஒன்ராறியோ)

வணக்கம் உறவுகளே. என் மச்சாளைக் கொன்ற அவளுடைய கணவன் இரண்டாம் நிலைக் கொலைக் (முன்கூட்டித் திட்டமிடாத கொலை) குற்றவாளி என்று ஜூரி தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆயுள் தண்டனை நிச்சயம். ஆனால் பரோல் (நிபந்தனையோடு சிறையிலிருந்து விடுவிப்பது) கிடைக்கவே முடியாத காலத்தை 10 முதல் 25 ஆண்டுக்குள் நீதிபதிதான் தீர்மானிப்பார். குற்றவாளியின் குணம், குற்றத்தின் தன்மை, நடந்த சூழ்நிலை, ஜூரியின் பரிந்துரை எல்லாம் பார்ப்பார்களாம். 10ஐத் தாண்டுவதற்கு அசாதாரணக் காரணம் எதுவும் தேவையில்லை என்று கனடா உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியிருப்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மாமி நீதிமன்றத்தில் வாசிக்க, இந்த இழப்பு எங்களை எப்படிப் பாதித்தது என்று சொல்லும் பாதிப்பு அறிக்கை எழுதுகிறோம். அவர் தமிழிலேயே வாசிக்கலாமா? மனைவியைக் கொன்ற வழக்குகளில் வழக்கமாக எத்தனை ஆண்டு விதிக்கிறார்கள்? அப்புறம், அரச தரப்பு வழக்கறிஞரிடம் நாங்கள் என்னென்ன கேட்க வேண்டும்? சட்டம் தெரிந்தவர்கள், இந்த வேதனையைக் கடந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.