1932 ஜூலை 20: செவரிங் பணிந்தது சரியா?

கரிசல்மண்: சமூக ஜனநாயகக் கட்சியின் கார்ல் செவரிங் பூட்டு, இரும்பு வேலை கற்றவர். பீலஃபெல்ட் உலோகத் தொழிலாளர் சங்கத்தை நடத்தி, 1920இல் ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவின் உள்துறை அமைச்சரானார். குடியரசுக்கு விசுவாசமான போலீசை உருவாக்கியவரே, 1932 ஜூலை 20 அன்று ஜெர்மன் சான்சலர் பாப்பன் பிரஷ்ய அரசைப் பதவி நீக்கித் தன் கையில் எடுத்தபோது எதிர்க்கவில்லை. காலையில், பலவந்தத்துக்கு மட்டுமே பணிவேன் என்றார். இரவு சில அதிகாரிகள் வந்து நின்றதும் வெளியேறினார். கையில் 90,000 போலீசார் இருந்தார்களே!

தாமிரபரணி: அந்த 90,000 பேரும் பிரஷ்யா முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் நெருக்கடிநிலை. போலீசும் ராணுவ ஜெனரல் ருண்ட்ஸ்டெட்டின் கீழ் போய்விட்டது. பெர்லின் போலீஸ் தலைவர், துணைத் தலைவர், கமாண்டர் மூவரும் அன்றே கைது. உத்தரவு யார் கொடுப்பது?

கரிசல்மண்: 1920இல் குடியரசைக் கவிழ்க்க வலதுசாரி காப் நடத்திய கலகத்தை முறியடித்தது போலீஸா? பொது வேலைநிறுத்தம். நான்கைந்து நாளில் காப் ஓடிவிட்டார்.

தாமிரபரணி: நண்பரே, 1920 வேறு, 1932 வேறு. அன்று அரசு அதிகாரிகளே காப்புக்கு ஒத்துழைக்க மறுத்தார்கள். 1932இல் ஆணையில் இருந்தது குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கின் கையெழுத்து, அரசியல் சட்டத்தின் 48ஆவது (அவசரநிலை) பிரிவின்படி. எந்த அதிகாரி மீறுவான்? வேலையில்லாதவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். வேலைநிறுத்தம் செய்தால் உங்கள் இடத்துக்கு மறுநாளே ஆள் கிடைப்பான். ஏப்ரல் 24 பிரஷ்யத் தேர்தலில் பெரும்பான்மை இழந்து, பிரஷ்ய அரசும் காபந்து அரசாகத்தான் இருந்தது.

வைகைக்கரை: இருவரும் ஜூலை 16ஐ விட்டுவிட்டீர்கள். என்ன வந்தாலும் அரசியல் சட்டத்தைத் தாண்டுவதில்லை என்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைமை அன்றே முடிவெடுத்துவிட்டது. பழியை ஒருவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. ஜூலை 31 நாடாளுமன்றத் தேர்தலையும் நீதிமன்றத்தையும்தான் நம்பினார்கள்.

கரிசல்மண்: நீதிமன்றமா? அக்டோபர் 25 தீர்ப்பு பாதிக்குப் பாதி. மாநிலங்களின் அவையான ரைஷ்ஸ்ராட்டில் பிரஷ்யாவின் குரல் பழைய அரசுக்கே என்றது. நிர்வாகத்தைப் பாப்பனிடமே விட்டது. அதற்குள் உயர் அதிகாரிகளை மாற்றி முடித்தாயிற்று. எதிர்த்துத் தோற்றிருந்தாலும், முழு போலீசும் முழுசாகக் கைமாறியிருக்காது. 1933 பிப்ரவரி 22 அன்று நாஜித் தலைவர் கோரிங் அதே போலீசோடு நாஜிகளின் எஸ்.ஏ., எஸ்.எஸ். படையினர் உள்ளிட்ட 50,000 பேரைத் துணைப் போலீசாக்கினான். தயாராக இருந்த இயந்திரம் அது.