விபத்து முடிந்தும் உடம்பிலிருந்து பயம் விடாதவர்கள்: உங்களிடம் வருபவர்களிடம் நீங்கள் பார்த்தது என்ன? நான்கு பேர் சொல்கிறார்கள்

மனநல ஆலோசகர்
விபத்து நடந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். லாரி ஹாரன் கேட்டால் தோள் காது வரை ஏறும். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வரும். "மனசுல ஒண்ணுமில்ல சார், உடம்புதான் கேக்க மாட்டேங்குது" என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். மூளையில் ஆபத்தை உணரும் அமிக்டலா என்ற பகுதி அந்தச் சத்தத்தை ஆபத்தென்று குறித்து வைத்திருக்கிறது. 'இது வேறு லாரி' என்று புத்திக்கு எட்டுவதற்குள் உடம்பை உசுப்பும் அட்ரினலின் சுரப்பு பாய்ந்துவிடும். ஆனாலும் முதலில் ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை பார்த்துவிடுங்கள். எல்லாப் படபடப்பையும் மனசின் தலையில் கட்டாதீர்கள்.

யோகா பயிற்சியாளர்
"கண்ணை மூடி நல்லா இழுத்து விடுங்க" என்று ஆரம்பிப்பதுதான் நாங்கள் செய்யும் பெரிய தப்பு. கண்ணை மூடினால் சிலருக்கு விபத்து அப்படியே திரும்ப ஓடும். வேகமாக இழுத்து விட்டாலோ ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரக்கும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊரும். செத்துவிடுவோமோ என்ற பயம் அதிலேயே புதிதாகக் கிளம்பும். கண் திறந்திருக்கட்டும், முதுகு சுவரில் சாயட்டும். மூக்கால் 3 எண்ணும்வரை இழுத்து, சூடான டீயை ஊதுகிற மாதிரி 6 எண்ணும்வரை விடச் சொல்லுங்கள். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணியும். பத்து முறை போதும். மூச்சைக் கவனித்தாலே பதறுகிறவர்களுக்கு அதை விட்டுவிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லலாம்.

பிசியோதெரபிஸ்ட்
எங்கள் அறையில் கட்டில் கதவைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னாலிருந்து கழுத்தைத் தொடவே கூடாது. "இப்ப வலது தோள்ல கை வைக்கப் போறேன். வேண்டாம்னா கையைத் தூக்குங்க." தூக்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். "இதோ முடிஞ்சிடும்மா" என்று இன்னும் பத்து விநாடி இழுத்தால், அடுத்த முறை அவர் கையைத் தூக்கவே மாட்டார், வராமலும் போகலாம். இன்னொன்று: அசையாமல் படுத்திருப்பவர் ஒத்துழைக்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். உள்ளங்கை சில்லிட்டு, பார்வை ஒரே இடத்தில் நின்று, எதைக் கேட்டாலும் "சரி" என்று மட்டும் வந்தால் அது பயத்தில் உறைந்துபோன உடம்பு. எழுப்பி உட்கார வைத்து, தண்ணீர் கொடுங்கள்.

பேரிடர் முகாம் பணியாளர்
2004 சுனாமி மாதிரிப் பேரழிவில் முதல் வாரமே "என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க" என்று ஆளாளுக்குக் கேட்பது உதவி இல்லை. சிலருக்கு அது கெடுதலே செய்யும். முதலில் காணாமல் போனவர் பற்றிய தகவல், குடும்பம் ஒன்றாகப் படுக்க இடம், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, ராத்திரி அணையாத விளக்கு. தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் "பயப்படாதீங்க" என்று சொல்லி என்ன பிரயோசனம்?

மனநல ஆலோசகர்
விளக்கு, தாழ்ப்பாள் இரண்டையும் வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கமில்லாமல், வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.