தண்ணிக் காட்சி வெட்டோ?

குஞ்சு மாமி: தண்ணி ஊத்திற காட்சியை வெட்டியாச்சாம்? ஆர் சொன்னது?

மணி அண்ணை: சவுண்ட்காரர். வயரிலை பட்டால் தான் பொறுப்பில்லையாம்

ராசாத்தி: அதுதானே நாடகமே

மாஸ்டர்: பிள்ளையள், வெட்டத் தேவையில்லை. கிரேக்க நாடகக்காரர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 411 இலை ஏதென்ஸிலை போட்ட லிசிஸ்ட்ராட்டாவிலை இருந்து எடுத்த காட்சி இது. போரை நிப்பாட்டச் சொல்லிப் பொம்பிளையள் அரச பணம் இருக்கிற அக்ரோபொலிஸ் மலைக்கோட்டையைப் பிடிச்சு வைச்சிருக்கினம். கிழவர்மார் விறகும் நெருப்புச் சட்டியுமாப் புகைபோட்டுக் கலைக்க வருகினம். கிழவியள் குடத்தோடை வந்து நெருப்பையும் கிழவரையும் சேத்து நனைக்கினம். நாங்கள் போரை வாய்க்கால் சண்டையாக்கி, அக்ரோபொலிஸைச் சங்கக் களஞ்சியமாக்கினம். தண்ணியை எடுத்தால் கிழவர் ஏன் பின்வாங்கினவை எண்டு சனத்துக்கு விளங்காது.

பவா: மாஸ்டர் அதிலை அவையள் பட்டினி போட்டது சோத்தாலை இல்லையே 😂

குஞ்சு மாமி: டேய் பெரியாக்கள் இருக்கினம்

மாஸ்டர்: அதுதான் புருசன்மாரைக் கிட்ட விடமாட்டம் எண்டதை அடுப்பு மூட்டமாட்டம் எண்டு மாத்தினது.

பெரியமாமா: நான் சீலை கட்டமாட்டன். முதலே சொன்னனான்

பெரியமாமி: வேட்டியே இடுப்பிலை நிக்காது

மாஸ்டர்: அந்தக் காலத்திலை பொம்பிளை வேசம் முழுக்க ஆம்பிளையள்தான். எங்கடை கோவலன் கூத்திலை கண்ணகி ஆர் கட்டினது? நீர் நடிக்கிறது பொம்பிளையள் பிடிச்சுப் பொம்பிளை வேசம் போட்டுவிடுற அதிகாரி. அவருக்கு முக்காடும் கையிலை சுளகும் காணும்.

பெரியமாமா: சுளகு ஓம். முக்காடு பாப்பம்

மணி அண்ணை: சவுண்ட்காரருக்கு என்ன சொல்ல

மாஸ்டர்: மைக்கை நிலத்திலை வையாமல் வளையிலை தொங்கவிடச் சொல்லும். வயர் எல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் படங்கு விரிச்சு அதுக்கு மேலை காய்ஞ்ச சாக்கு ரெண்டு மடிப்பு. வெறும் படங்கு வழுக்கும். ஆறு குடத்திலை ரெண்டிலைதான் தண்ணி, அதுவும் கால்வாசி. மற்றதிலை வெட்டின நீலக் கடதாசி. முதல் ரெண்டும் உண்மைத் தண்ணி எண்டபடியால் மூண்டாவது குடத்தைச் சனத்தின்ரை பக்கம் திருப்பேக்கை முன்வரிசை எழும்பி ஓடும். அதிலைதான் பெரிய சிரிப்பு. நனைஞ்சவை வலப்பக்கத்தாலையே உள்ளுக்குப் போகவேணும். தாடியைப் பசையிலை ஒட்டாதேங்கோ, ஈரத்திலை கழண்டு வாய்க்குள்ளை போகும். நூல் கோத்துக் காதிலை கட்டுங்கோ.

ராசாத்தி: நெருப்புச் சட்டி?

மாஸ்டர்: கிடுகுப் பந்தல், நெருப்பே வேண்டாம். சட்டிக்குள்ளை சிவப்புத்தாள் சுத்தின ரோச். பொச்சுப் புகையும் சரிவராது. மேடை கிழக்குப் பாத்தது, சோளகம் முதுகாலை வரும், புகை முழுக்கச் சனத்தின்ரை கண்ணிலை.

கனடாச் சித்தப்பா: லைவ் போடுங்கோ. கதிரைக் காசு கிடைச்சதோ

மணி அண்ணை: கிடைச்சது. கதிரைதான் காணாது

பெரியமாமா: போனமுறைக் கதிரையளை வேலிக்கு அங்காலை கேட்டுப் பாருங்கோ

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

ராசாத்தி: வேலிக்கதை இஞ்சை வேண்டாம் மாமா

கனடாச் சித்தப்பா: ஆர் அழிச்சது? என்ன போட்டது?

குஞ்சு மாமி: கடைசியிலை பூச்சி எடுக்கிறது ஆர்

மாஸ்டர்: கிழவன்ரை கண்ணிலை இருந்த பூச்சியைக் கிழவி எடுக்கிற இடத்திலைதான் ரெண்டு பக்கமும் இளகுது. அவசரப்படக் கூடாது. சிரிப்பு அரைவாசி அடங்கேக்கை அடுத்த வசனம். முழுக்க அடங்கவிட்டால் சூடு போயிடும்.

பெரியமாமி: நான் எடுக்கிறன். அவரைக் கண்ணைத் திறந்து வைச்சிருக்கச் சொல்லுங்கோ

மணி அண்ணை: இண்டைக்கு 7 மணிக்கு ஒத்திகை

பவா: இரவு எங்கடை பக்கம் தண்ணிமுறை அண்ணை. ஆம்பிளையள் ஒருத்தரும் வராயினம்

குஞ்சு மாமி: நாங்கள் தனியச் செய்வம். குடம் ஆற்றை வீட்டிலை?

மணி அண்ணை: பொறுங்கோ, சவுண்ட்காரர் இன்னும் ஓம் சொல்லேல்லை